பொது அறையில் ஓர் அடைக்கோழி

எங்கள் குடியிருப்பின் பொது அறையில் எவரும், எக்காரணம் கொண்டும், செயற்குழுவின் முன் அனுமதியின்றி உட்காரக் கூடாது. இது சங்கத்தின் விதி. நிற்கலாம். நடக்கலாம். சுவரில் சாய்ந்துகொள்வதைக்கூட யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. உட்காருவதற்கு மட்டும் அனுமதி வேண்டும். உட்காரவிட்டால் மனிதர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது எங்கள் செயலாளரின் கருத்து. அவர் ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அனுபவத்தில்தான் சொல்லியிருப்பார்.

அப்படிப்பட்ட அறையில் என் கோழி போய் உட்கார்ந்துவிட்டது.

கோழி என்னுடையது என்று சொல்வதும் முழு உண்மையில்லை. என் நாத்தனார் வேலை மாற்றலாகிப் போகும்போது, "கொஞ்ச நாள் பார்த்துக்கோங்க அண்ணி, ஒரு தொந்தரவும் பண்ணாது" என்று விட்டுப்போனது. கொஞ்ச நாள் என்பது அவள் அகராதியில் ஆயுள். பழுப்பு நிறம், கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, நடையில் ஒரு கண்டிப்பு, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் ஆளை எடைபோடும் பார்வை. பார்த்த மாத்திரத்தில் எங்கள் கான்வென்ட் மதர் சுப்பீரியர் ஞாபகம் வந்து, என் கை தானாக நகங்களை மறைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அதன் பெயர் மதர்.

மதர் தேர்ந்தெடுத்த இடம் சங்கத்தின் புகார்ப் பெட்டி. மரப்பெட்டி. ஏராளமான புகார்கள் வரும் என்ற நம்பிக்கையில் ஒரு காலத்தில் பெரிதாகச் செய்யச் சொன்னார்கள். புகார்கள் வந்தன. யாரும் திறக்கவில்லை. மூடி உடைந்து, ஆணி கழன்று, மூலையில் கிடந்தது. உள்ளே பல வருஷத்துக் காகிதங்கள் மெத்தென்று இருந்தன. தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை என்று நாங்கள் எழுதிப்போட்டதற்கெல்லாம் முதன்முறையாக ஓர் உபயோகம் கிடைத்தது.

முட்டைகளுக்குக் காரணமானது பின்தெருத் தையற்காரரின் சேவல். அது மதிலைத் தாண்டி வந்துபோன விவரங்களுக்குள் நான் போக விரும்பவில்லை. கன்னியாஸ்திரீகளிடம் வளர்ந்தவள்.

அடைக்கோழியை இடம் மாற்றலாம். பெரும்பாலான கோழிகள் கொஞ்சம் முறைத்துவிட்டு ஒத்துக்கொள்ளும். மதர் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டைகளோடு ஒரு கூடையில் வைத்து என் பின்முற்றத்துக்குத் தூக்கி வந்தேன். முட்டைகளை அப்படியே ஆறவிட்டுவிட்டு, நடைபாதை வழியே நிதானமாக நடந்துபோய், காலிப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டது. முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு நான்தான் பின்னால் ஓடினேன். யார் யாரை வளர்க்கிறார்கள் என்பது அத்தோடு தெளிவாகிவிட்டது.

செயலாளர் வந்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"இது என்னம்மா?"

"கோழி, சார்."

"கோழின்னு தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"அடைக்கு உட்கார்ந்திருக்கு."

"யார் அனுமதியில?"

"அதோட சொந்த அனுமதியிலதான்."

"எழுப்புங்க."

"எழுப்பினா முட்டை ஆறிடும் சார். உள்ளே இருக்கிற குஞ்சு செத்துடும்."

"முட்டைக்குள்ள குஞ்சு இருக்குன்னு என்ன ஆதாரம்?"

"வெளியே வந்தப்புறம் காட்டறேன்."

"அதுக்குப் பேரு ஆதாரம் இல்லைம்மா, விளைவு. ஆதாரத்தை முன்கூட்டியே கொடுக்கணும்."

இவ்வளவு சொல்லிவிட்டு, தானே தூக்கிவிடலாம் என்று குனிந்தார். மதர் இரண்டு மடங்காக உப்பியது. தொண்டைக்குள்ளிருந்து மோட்டார் ஓடுவது மாதிரி ஓர் உறுமல் வந்தது. அடுத்த நொடி செயலாளர் விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை செயற்குழுவில், "மேற்படி பறவையுடன் நேரடிப் பேச்சுவார்த்தை நடத்தப்பட்டது, உடன்பாடு எட்டப்படவில்லை" என்று தெரிவித்ததாகக் கேள்வி. மறுநாள் மாலைக்குள் காலி செய்யாவிட்டால் காவலாளி பெட்டியோடு தூக்கி வெளியே வைப்பான் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்.

எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்து நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். சிவப்பாக, சிலந்திவலை மாதிரி நரம்புகள். நடுவில் ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளி அசைந்தது. செயலாளருக்கு அது ஆதாரமாகாது. ஆனால் ஒரு தரம் அதைப் பார்த்துவிட்டவளால் முட்டைகளை வாசலில் வைக்க விடமுடியாது.

காப்பாற்றியது மூச்சு மேடம்.

மூச்சு மேடம் இரண்டாவது மாடி. என்னைவிட மூத்தவள், என்னை அக்கா என்று கூப்பிடுபவள். மூச்சு விடுவது எப்படி என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறாள். அதுவரை நாங்கள் எப்படித்தான் உயிரோடு இருந்தோமோ. அவள் எதைத் தொடங்கினாலும் எங்கள் குடியிருப்பு பின்னாலேயே போகும். போன வருஷம் எல்லோரையும் பின்னோக்கி நடக்க வைத்தாள். மூன்று பேர் படிக்கட்டில் விழுந்தார்கள். "பழைய பாதையை விட்டு விலகறப்ப வலிக்கத்தான் செய்யும்" என்றாள். கட்டோடு நொண்டிக்கொண்டே அவர்களும் ஆமாம் என்றார்கள்.

காலையில் பொது அறையை எட்டிப்பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது எவ்வளவு நேரமா இப்படியே இருக்கு?"

"நாலஞ்சு நாளா."

"சாப்பிடறதில்லையா?"

"தினம் ஒரு தடவை எழுந்து கொஞ்சம் கொத்தும். மறுபடி உட்கார்ந்துடும்."

"எதையாவது எதிர்பார்க்குதா?"

"குஞ்சை."

"இல்லைக்கா. நீங்க மேலோட்டமா பாக்கறீங்க. அந்தக் கண்ணைப் பாருங்க. அது எதையுமே எதிர்பார்க்கல."

கண்ணைப் பார்த்தேன். அவளைக் கொத்துவதா என்னைக் கொத்துவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

மூச்சு மேடம் நேரே செயலாளரிடம் போனாள். என்ன பேசினாளோ, அவர் விதிப்புத்தகத்தோடு கீழே இறங்கி வந்தார். "பொது அறையைப் பயிற்சியாளர்கள் பயன்படுத்திக்கலாம்னு விதி இருக்கு. கோழியா இருந்தா காலி பண்ணணும். பயிற்சியாளரா இருந்தா தங்கலாம்."

"ரெண்டுமா இருந்தா, சார்?"

"ரெண்டுமா இருக்க விதியில இடமில்லை. இன்னையிலேருந்து அது கோழி இல்லை."

யானை என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன். எழுப்பாமல் விட்டால் போதும்.

அப்படியாக மதர் எங்கள் குடியிருப்பின் வருகைதரு பயிற்சியாளராக நியமனம் பெற்றது. மறுநாளே பாய்கள் விரிந்தன. காலை மடக்கி, முழங்கைகளைச் சிறகு மாதிரி லேசாக விரித்து, தாடையை உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடி வரிசையாக உட்கார்ந்தார்கள். இதற்கு அடைநிலை என்று பெயர். முதல் மாடிக் கணக்காளர் இரண்டே நாளில் நன்றாகத் தேறிவிட்டார். பக்கத்தில் யாராவது போனால் தொண்டைக்குள் உறுமினார். அவர் மனைவி என்னிடம் வந்து, "வீட்டிலயும் இப்படித்தாங்க இருப்பாரு, அதுக்கு இப்படி ஒரு பேரு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்று வருத்தப்பட்டாள்.

அடைக்கோழியைப் பார்த்துக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. உடைத்த சோளமும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில், இல்லை, அலகுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது எழுந்திருக்கும்போது வழியை விட வேண்டும். மற்ற நேரத்தில் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மதர் தினமும் ஒரு தரம் எழுந்து, சிறகை உதறி, அவசரமாகக் கொத்தி, தண்ணீர் குடித்து, நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததை அறை நடுவில் ஒரே தவணையில் இறக்கிவிட்டுப் போகும். அடைக்கோழியின் எச்சத்தை முகர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகராதவர்கள் புண்ணியவான்கள்.

"தேக்கி வெச்சதையெல்லாம் ஒரே மூச்சுல விட்டுடறது. இதைத்தான் நான் இத்தனை வருஷமா உங்களுக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் மூச்சு மேடம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

எல்லோரும் தலையாட்டினார்கள். முறத்தில் அள்ளிக்கொண்டு போனது நான். தத்துவத்தைச் சொல்ல ஆளிருக்கிறது, வாரிக் கொட்டத்தான் ஆளில்லை.

பிறகு மௌன விதி வந்தது. கதவு திறக்கும் சத்தத்தில் மதர் ஒரு தடவை திடுக்கிட்டு எழுந்து, ஒரு முட்டை உருண்டுவிட்டது. நான்தான் போய், "சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்க சார்" என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். பயிற்சியாளரின் உடல்நலத்தையும் பயிற்சி பெறுவோரின் மனநலத்தையும் கருத்தில் கொண்டு, பொது அறைக்குள் எவரும் எவ்வகையிலும் ஒலி எழுப்பக் கூடாது என்று பலகை மாட்டினார். கீழே அவர் கையெழுத்து, முத்திரை. குடியிருப்பின் மற்றப் பகுதிகளில் ஒலி குறைந்தபட்ச அளவில் இருக்க வேண்டும். குக்கர் விசில் மேல் ஈரத்துணி போட வேண்டியதாயிற்று. காவலாளியின் விசிலைப் பிடுங்கிக்கொண்டு கையில் ஒரு பச்சைக்கொடியைக் கொடுத்தார்கள். திருடன் வந்தால் அசைக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் நானும் ஒரு நல்ல சண்டையைக் கிசுகிசுப்பாகப் போட முயன்றோம். பாதியில் அவர், "என்ன சொன்னே?" என்றார். நான், "நீங்க முதல்ல என்ன சொன்னீங்க?" என்றேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சண்டை முடிந்துவிட்டது.

எல்லாம் மதருக்கு நல்லதாகத்தான் இருந்தது. அப்போது சுகாதார ஆய்வாளர் வந்தார்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் கம்பிக்கூண்டு வைத்த வண்டி நின்றது. நடைபாதையில் செயலாளர் அவரை மறித்தார்.

"இங்க கோழி இருக்குன்னு புகார் வந்திருக்கு."

"கோழியெல்லாம் இல்லை சார். பயிற்சியாளர் இருக்காங்க."

ஆய்வாளர் பொது அறைக்குள் எட்டிப்பார்த்தார். வரிசை வரிசையாகப் பாய்கள். அதன் மேல் ஆட்கள். ஓர் அசைவில்லை.

"இவங்கல்லாம் என்ன பண்றாங்க?"

"உட்கார்ந்திருக்காங்க."

"எதுக்கு?"

"எதுக்குமில்லை."

"எவ்வளவு நேரம்?"

"காலையில வந்தா, சாப்பாட்டுக்கு எழுந்திருப்பாங்க. அப்புறம் மறுபடி."

"நடுவுல யாராவது வந்து ஏதாவது கேட்டா?"

"பதில் சொல்ல மாட்டாங்க."

"கேட்டவங்க என்ன பண்ணுவாங்க?"

"கொஞ்ச நேரம் நின்னு பார்ப்பாங்க. அப்புறம் போயிடுவாங்க."

ஆய்வாளரின் முகம், வெளியூரில் சொந்தக்காரனைக் கண்டவன் முகம் மாதிரி மலர்ந்தது.

"இதுக்கு வகுப்பு வெச்சா சொல்லித் தர்றீங்க? எங்க ஆபீஸ்ல எங்களுக்கு யாருமே சொல்லித் தரலையே சார். நாங்களா பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டோம்!"

செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பாயில் போய் உட்கார்ந்தார். அதை வார்த்தையில் சொல்ல முடியாது. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர் வைக்கப்பட்டிருந்தார். மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தது, சுற்றிப் பார்த்தது, அலுத்துப்போய்ப் பறந்துவிட்டது. அவர் இமைக்கவில்லை. மூச்சு மேடத்தின் கண்ணில் நீர் தளும்பியது. "நானெல்லாம் என்னத்தைக் கத்துக்கிட்டேன்!" என்று வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றிலிருந்து ஆய்வாளர் தினமும் வந்தார். புகார் பற்றிக் கேட்டால் கள ஆய்வு நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். வண்டியும் கூண்டும் வாசலிலேயே நின்றன.

இப்படி இருக்கையில், ஒரு காலையில் தண்ணீர்க் கிண்ணத்தை வைக்கக் குனிந்தேன். மதருக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

கீச்.

ஊசி முனையளவு சத்தம். மதர் தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு இதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில், மெல்ல, அடித்தொண்டையில், கொக்... கொக்... என்று பதில் சொன்னது. அந்த முரட்டுப் பிறவிக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யார் கண்டது. உள்ளே இருந்தது மறுபடி கீச் என்றது. ஓட்டுக்கு உள்ளேயிருந்து ஒன்றும் வெளியேயிருந்து ஒன்றும் முகம் பார்க்காமலே பேசிக்கொண்டன. தரையில் மண்டியிட்டுவிட்டேன்.

"உஷ்!" என்றாள் மூச்சு மேடம் முதல் வரிசையிலிருந்து. அடுத்த கணம் என் காதருகில் வந்து, "அக்கா, சத்தம் வருது" என்று மூச்சாலேயே சொன்னாள்.

"முட்டைக்குள்ளேருந்து வருது" என்றேன் நானும் அதே மூச்சில்.

"நிறுத்தச் சொல்லுங்க."

"யார்கிட்ட?"

செயலாளர் என்னைச் சைகையால் நடைபாதைக்கு அழைத்தார். அங்கே பேசலாம்.

"விதிமீறல் நடந்திருக்கும்மா."

"குஞ்சு பொரிக்குது சார்."

"சத்தம் போட்டது யாரு? உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?"

"ரெண்டும் பேசிக்குது."

"பேசிக்குதா? பொது அறையிலயா?"

"அந்த விதியே அதுக்காகப் போட்டதுதானே சார்?"

"அதனாலதான் சொல்றேன். அதுக்காகப் போட்ட விதியை அதுவே மதிக்கலைன்னா மத்தவங்க எப்படி மதிப்பாங்க?"

அதற்குள் ஆய்வாளரும் வெளியே வந்துவிட்டார். அவர் கோபமாக இல்லை. யாரோ நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்ட மாதிரி நின்றார்.

"சத்தத்தை விடுங்கம்மா. நான் அதைச் சொல்லல. பலன் வந்துடுச்சே?"

"வந்தா என்ன சார்?"

"என்னவா? இத்தனை நாள் உட்கார்ந்துட்டு, கடைசியில ஏதோ வெளியே வந்துடுச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு எங்களை நிக்க வெச்சுக் கேப்பாங்கல்ல? ஒரு கோழி மூணு வாரத்துல முடிக்குது, நீங்க ஏன்டா முடிக்கலைன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்? எனக்குக் கீழே எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?"

"எனக்கு அதுகூட வருத்தமில்லை" என்றாள் அவர் பின்னாலேயே வந்த மூச்சு மேடம். "ஆனா இதுல உள்நோக்கம் இருந்திருக்கு அக்கா. ஆரம்பத்திலேருந்தே அதுக்கு அடியில முட்டை இருந்திருக்கு. எங்ககிட்ட மறைச்சுட்டீங்க."

"அடைக்கோழிக்கு அடியில முட்டை இருக்காம பூட்டுச்சாவியா இருக்கும்?"

"சரி, போனது போகட்டும். இந்த முட்டைகளை எடுத்துட்டுக் கூமுட்டையா வெச்சுட்டா என்ன? பொரிக்கவே பொரிக்காது. அது பாட்டுக்கு உட்கார்ந்துட்டே இருக்கும்."

"கூமுட்டைங்கதான் ஏற்கெனவே சுத்தி வரிசையா உட்கார்ந்திருக்கே" என்றேன்.

அத்தோடு சமாதானத்துக்கு இருந்த வாய்ப்பும் போயிற்று. மதரையும் பெட்டியையும் உடனே கூண்டுவண்டியில் ஏற்ற வேண்டும் என்றார் ஆய்வாளர். நான் கதவை மறித்து நின்றேன்.

"ஓட்டைப் பாதி உடைச்சுட்டு ஒண்ணு உள்ளே இருக்கு. இப்ப மதரை எழுப்பினா அது ஈரத்தோட விறைச்சுப் போகும். மத்தது காஞ்சு ஓட்டுக்குள்ளேயே ஒட்டிக்கும். அத்தனையும் போயிடும். உங்களுக்கு மனசே இல்லையா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க?" என்றார் செயலாளர், உண்மையிலேயே புண்பட்டு. "நாங்க என்ன அராஜகம் பண்றவங்களா? அவசரப் பொதுக்குழுவைக் கூட்டி, தீர்மானம் போட்டுத்தான் தூக்குவோம். நீங்களும் வாங்க. எதிர்த்துக் கை தூக்குங்க. உரிமை இருக்கு."

காவலாளி பச்சைக்கொடியோடு மாடி மாடியாக ஓடினான். சற்றைக்கெல்லாம் பொது அறை நிறைந்துவிட்டது. என் பக்கம் கை தூக்க யார் இருக்கிறார்கள் என்று எண்ணினேன். என் வீட்டுக்காரர். அவரும் கைபேசியில் மூழ்கியிருந்தார். மற்ற அத்தனை பேரும் மதர் மேல் மனத்தாங்கலோடு இருந்தார்கள். வெளியே வண்டிக்காரன் கூண்டின் கதவைத் திறந்து வைத்தான்.

செயலாளர் எழுந்தார். தீர்மானத்தை முகத்துக்கு நேரே பிடித்தார். வாயைத் திறந்தார்.

எதிர்ச்சுவரில் அவர் மாட்டிய பலகை. அவர் கையெழுத்து. அவர் முத்திரை.

வாயை மூடினார்.

அவர் முகத்தில் விதிப்புத்தகத்தின் பக்கங்கள் புரள்வதை நான் கண்ணால் பார்த்தேன். பொதுக்குழு பொது அறையில்தான் கூட வேண்டும். தீர்மானம் உறுப்பினர்கள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். பொது அறையில் எவரும் எவ்வகையிலும் ஒலி எழுப்பக் கூடாது. அந்த விதியை நீக்கும் அதிகாரம் பொதுக்குழுவுக்கு மட்டுமே உண்டு. நீக்குவதற்குப் பொதுக்குழு ஒரு தீர்மானத்தை உரக்க வாசிக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசியிருப்பார்கள். எங்கள் செயலாளர் நேர்மையானவர். விதிக்கு முன்னால் பெற்ற பிள்ளையென்றும் பார்க்காதவர். காது சிவந்தது, கழுத்து சிவந்தது. மெதுவாக, தீர்மானத்தைக் கையில் பிடித்தபடியே, காலியாயிருந்த ஒரு பாயில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் எல்லோரும் பழக்கதோஷத்தில் முழங்கையை விரித்துக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்கள்.

அந்த அறையில் சத்தம் போட்டது இரண்டே தரப்புதான், மதரும் மதரின் பிள்ளைகளும். அவர்களுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே.

முதல் ஓடு விரிந்தது. நனைந்த பஞ்சுத்துண்டு மாதிரி ஒன்று வெளியே விழுந்து, தலை நிற்காமல் ஆடி, மதரின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. இரண்டாவது ஓட்டில் விரிசல் ஓடியபோது கணக்காளருக்குப் பொறுக்கவில்லை. உரித்துவிடலாம் என்று கையை நீட்டினார். அந்தக் கையில் ஒன்று வைத்தேன். குஞ்சுதான் உடைத்துக்கொண்டு வர வேண்டும். நாம் உரித்தால் ரத்தம் வரும். பளார் என்று கேட்ட அந்தச் சத்தமும் விதிமீறல்தான். ஆனால் அதைச் சொல்வதற்கும் யாராவது வாயைத் திறந்தாக வேண்டுமே.

ஒவ்வொன்றாக ஓடுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டேன். வெயில் ஜன்னலில் ஏறி இறங்கியது. மாலைக்குள் ஏழு குஞ்சுகள் உலர்ந்து, உருண்டு, மதரின் சிறகிடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகத் தலையை நீட்டிப் பொதுக்குழுவைப் பார்வையிட்டன. வண்டிக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூண்டைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த ஓரிரு நாளில் மதர் பெட்டியை விட்டு எழுந்து, குஞ்சுகளை அழைத்துக்கொண்டு என் பின்முற்றத்துக்கு வந்துவிட்டது. வந்த வேலை முடிந்ததும் எழுந்துபோன முதல் ஆள் அந்த அறையில் அதுதான் என்று நினைக்கிறேன்.

பொதுக்குழு முடியவில்லை. எப்படி முடியும்? "கூட்டம் இத்துடன் முடிவடைகிறது" என்று செயலாளர் உரக்க அறிவித்தால்தானே முடியும். ஆகவே அது நடந்துகொண்டேயிருக்கிறது. உறுப்பினர்கள் சாப்பிடப் போகிறார்கள், தூங்கப் போகிறார்கள், திரும்பி வந்து அவரவர் பாயில் உட்காருகிறார்கள். மூச்சு மேடம் இதற்கு முடிவற்ற அமர்வு என்று பெயர் வைத்திருக்கிறாள். பக்கத்துக் கட்டடக்காரர்கள், புகார் கொடுத்தவர்கள் உட்பட, பாயோடு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆய்வாளரைக் காணோமே என்று தேடிக்கொண்டு அவருடைய மேலதிகாரி ஒருநாள் வந்தார். நின்று பார்த்தார். அவரைத் தட்டி எழுப்புவார் என்று நினைத்தேன். பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று சைகையில் கேட்டார்.

ஆனால் ஆபத்து நீங்கிவிடவில்லை. "மேற்படி கோழியும் அதன் விளைவுகளும் குடியிருப்பை விட்டு அகற்றப்பட வேண்டும்" என்ற தீர்மானம் இன்னும் செயலாளர் கையில்தான் இருக்கிறது. ஓரம் கசங்கிவிட்டது, ஆனால் பிடி தளரவில்லை. விளைவுகளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. இரண்டு சேவலாகப் போகிறது போலிருக்கிறது, இப்போதே ஒன்றையொன்று முறைக்கின்றன. அவற்றைக் கூண்டு வண்டியில் ஏற்ற யார் வருகிறார்கள் என்று நானும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"நீ எதுக்குத் தினம் அங்க போய் உட்காரணும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தீர்மானத்தை எதிர்க்க."

"அதைத்தான் யாரும் படிக்கவே இல்லையே?"

"என்னிக்காவது அந்த மனுஷன் பொறுக்க முடியாம படிச்சுட்டா? அந்த நேரத்துல கை தூக்க ஒருத்தி இருக்க வேண்டாமா?"

"மத்தியானச் சாப்பாடு?"

"போராட்டத்துல இருக்கிறவகிட்ட கேக்கிற கேள்வியா இது?"

அவருக்குப் புரியாது. மற்றவர்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எதிர்த்து உட்கார்ந்திருக்கிறேன். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அது பார்க்கிறவர்களின் குறை. என் பாய் ஜன்னலோரம். நல்ல காற்று வருகிறது. யாரும் எதையும் எங்கே வைத்தாய் என்று கேட்பதில்லை. போராட்டம் என்றால் எல்லாக் கஷ்டத்தையும் தாங்கித்தான் ஆக வேண்டும்.

நேற்று மதர் பொது அறைக்கு வந்தது. ஏழும் பின்னால் வந்தன. வாசலில் நின்று, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை பார்த்தது. இத்தனை பேர், இத்தனை நாளாக, இவ்வளவு சிரத்தையாக. அதற்குள் இருக்கும் தாய்க்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். நேரே கணக்காளரிடம் போய், அவர் தொடைக்கடியில் அலகை நுழைத்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. ஒன்றுமில்லை. செயலாளரிடம் போயிற்று. அங்கும் ஒன்றுமில்லை. மூச்சு மேடம் தானாகவே கொஞ்சம் எம்பிக் காட்டினாள், அவளுக்கே ஒரு நப்பாசை. இல்லை. ஆய்வாளரை மட்டும் மதரால் விட்டுவிட முடியவில்லை. அப்படி உட்கார்ந்திருப்பவருக்கு அடியில் ஒரு டஜனாவது இருந்தாக வேண்டுமே. முன்னால் பார்த்தது, பின்னால் போய்ப் பார்த்தது, குஞ்சுகளையும் விட்டுத் தேடச் சொன்னது. அவருடைய மேலதிகாரியிடமும் போய்ப் பார்த்தது.

கடைசியில் என்னிடம் வந்தது.

நான் அசையவில்லை. என் உடையின் ஓரத்தை அலகால் ஒதுக்கிவிட்டு, தலையைத் தரையோடு தாழ்த்தி, எனக்கு அடியில் வெகுநேரம் பார்த்தது. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது.

நான் இவங்களை மாதிரி இல்லை மதர், நான் எதிர்த்து உட்கார்ந்திருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

பொது அறை. மூடிக்கொண்டேன்.